மிரர் தெரபி பொட்டி: கண்ணாடி பரவால்ல, கூட வர்ற பேப்பர்தான் கதை விடுது

அஞ்சுக்கு மூணு ஸ்டார். அந்த மூணும் பொட்டிக்கு மட்டும்தான், உள்ள மடிச்சு வச்சிருக்குற விளக்க பேப்பருக்குத் தனியா மார்க் போடச் சொன்னா அரை கூட போடமாட்டேன். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா ஆன்லைன்ல இதே பொட்டிய இதே போட்டோவ வச்சு நாலஞ்சு பேர்ல விக்கிறாங்க, எல்லாம் ஒரே எடத்து சரக்குன்னு பாத்தாலே தெரியுது. மடக்கி வைக்கிற மாதிரி பொட்டி, ஒரு பக்கம் கண்ணாடி, உள்ள கைய விட ஒரு ஓட்டை, தொட்டுப் பாக்குற அட்டைங்க கொஞ்சம், ஓரத்துல ரெண்டு ரெண்டு முனையா துருத்திக்கிட்டு இருக்குற ஒரு பிளாஸ்டிக் வட்டு, அப்புறம் அந்த பேப்பர். 2,000 ரூபாய்க்கு சில்லறை கம்மி. கை போனவங்களுக்கும் பக்கவாதம் வந்து ஒரு பக்க கை வராதவங்களுக்கும் பிசியோதெரபில பயன்படுத்துறது.

நான் வாங்குனது சித்தப்பாவுக்கு. கோயமுத்தூர் கணபதி பக்கம் பட்டறைல பவர் பிரஸ்ல வேலை, இடது கை முழங்கைக்குக் கீழ போச்சு. புண்ணு ஆறி தையல் பிரிச்சு எல்லாம் முடிஞ்ச பிறகும் இல்லாத கை வலிக்குதுன்னார். வலின்னா சும்மா இல்ல, அஞ்சு விரலும் இறுக்கி மூடிக்கிட்டு நகம் உள்ளங்கைல குத்துற வலி, அதுவும் ராத்திரி ஆனா ஜாஸ்தி, விரல திறந்தா சரியாயிரும்னு அவருக்கே தெரியுது, திறக்கத்தான் கை இல்ல. சித்தி ரொம்ப நாளா இது பயத்துல வர்றது, மனசு சரியானா போயிரும்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. பிசியோ பொண்ணுதான் தெளிவா சொல்லுச்சு, "பிரமையெல்லாம் இல்லீங்கம்மா, அண்ணாவுக்கு கைதான் போச்சு, மூளைல கைக்குன்னு இருக்குற எடம் அப்படியேதான் இருக்கு". இந்த ஒரு வரிய அந்த பேப்பர்ல போட்டிருந்தா நான் இவ்ளோ நீளமா எழுதவே வேண்டியதில்ல.

முதல்ல பொட்டி. பிரிச்சதும் ரெக்சின் வாடை தூக்குது, மொட்டமாடில காயப் போட்டுத்தான் உள்ள எடுத்தோம். கண்ணாடின்னு போட்டிருக்கானே தவிர அது கண்ணாடி இல்ல, மிரர் ஃபினிஷ் அக்ரிலிக் ஷீட்டு. ஒடையாது, வெயிட் இல்ல, அது வரைக்கும் சரி. ஆனா பின்னாடி தாங்குற ஃபோம் போர்டு மெலிசு, அதனால ஷீட்டு லேசா வளைஞ்சு நிக்குது, வளைஞ்சா ஓரத்துல உருவம் நெளியுது. தல சீவுற கண்ணாடி நெளிஞ்சா கூட போகட்டும்னு விட்றலாம், இதுல நெளிஞ்சா வேலையே கெட்டுது, ஏன்னா நல்லா இருக்குற வலது கையோட பிம்பத்த இடது கைன்னு மூளை ஏத்துக்கணும்ங்கறதுதான் இதுல மொத்த விஷயமே. சித்தப்பா முப்பது வருஷமா மைக்ரோமீட்டர் புடிச்சு அளந்தவரு, அவர்கிட்ட நெளிஞ்ச கண்ணாடிய குடுத்தா விடுவாரா, ஒக்காந்த ஒடனே கண்டுபுடிச்சுட்டார். "சுண்டு விரல் பாரு கண்ணு, வெளிப்பக்கமா போகுது. இது என்ற கையே இல்ல"ன்னு எந்திரிச்சுட்டார். அப்புறம் ஒரு துண்டு பிளைவுட்ட ஷீட்டுக்குப் பின்னாடி டபுள் சைடு டேப் போட்டு ஒட்டுனதுக்கப்புறம்தான் நேரா நின்னுச்சு. அத அவரேதான் ஒட்டுனார், நான் புடிக்கப் போனா "நீ தள்ளு"ன்னுட்டார்.

இன்னொண்ணு, வலது கைல மோதிரம், வாட்ச், சாமி கயிறு எது இருந்தாலும் கழட்டிரணும். பிம்பத்துல இடது கைல மோதிரம் தெரிஞ்சா அந்த கை நம்ம கையா தோணாது, இடது கைக்கு மோதிரமே போட்டதில்லயே. இதுவும் பேப்பர்ல இல்ல, பிசியோ சொல்லித்தான் தெரியும்.

சரி, பேப்பர் என்னதான் சொல்லுது? மேல ஒரு படம். தல பெருசா, உதடு வீங்கி, கை ராட்சசன் கணக்கா, ஒடம்பு மட்டும் நோஞ்சானா ஒரு ஆளு மூளை மேல படுத்திருக்குற படம், நெட்டுல எல்லாரும் பாத்திருப்பீங்க. கீழ "உங்கள் மூளையின் வரைபடம் அழிந்துவிட்டது! 21 நாளில் மீண்டும் வரையுங்கள்!"னு கொட்டை எழுத்துல. படத்தையாவது ஒழுங்கா போட்டானான்னு பாத்தா அதையும் தலகீழா திருப்பி கால காது பக்கத்துல கொண்டு வந்து வச்சிருக்கான். நெஜத்துல கால் பாதத்துக்கான எடம் மூளையோட ரெண்டு பாதியும் சந்திக்கிற உச்சிப் பிளவுக்குள்ள போயிருது, அங்கருந்து வெளிய வந்து கீழ எறங்க எறங்க காலு, ஒடம்பு, தோளு, கை, விரலுங்க, கட்டைவிரல், அப்புறம் மூஞ்சி, உதடு, கடைசியா காதுக்கு மேல நாக்கு. ஹேர்பேண்ட் போடுற வாக்குல ரெண்டு பக்கமும் ஓடுற ஒரு பட்டைலதான் இவ்ளோவும். இடது கைக்கு வலது பக்க மூளை, வலது கைக்கு இடது பக்கம்.

இத கண்டுபுடிச்ச கதை செமயா இருக்கும். கனடால மான்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு மூளை சர்ஜன், வலிப்பு நோய்க்காரங்களுக்கு ஆபரேஷன் பண்றப்ப மண்டைய மட்டும் மரத்துப் போக வச்சு ஆள முழிச்சிருக்க வச்சே பண்ணுவார், மூளைய தொட்டா மூளைக்கு வலிக்காது. வெட்டக்கூடாத எடம் எதுன்னு தெரிஞ்சுக்க அங்கங்க லேசா கரண்ட் வச்சு இப்ப என்ன தெரியுதுன்னு கேப்பார், ஒரு எடத்துல வச்சா கட்டைவிரல் மதமதங்கும், பக்கத்துல வச்சா உதட்டுல தெரியும், தெரிஞ்ச எடத்துல எல்லாம் நம்பர் எழுதுன குட்டிக் காகிதத்த மூளை மேலயே வச்சுக்கிட்டு போவார். இப்படி 163 பேர்கிட்ட சேத்தத 1937-ல போல்ட்ரிங்கிறவரோட சேந்து எழுதுனார். அந்த ராட்சசக் கை படத்தோட முதல் வடிவம் வந்தது அதுலதான், வரைஞ்சது ஹார்டென்ஸ் கேன்ட்லின்னு ஒரு அம்மா. ஒரு ஆளோட மூளைல இருக்குற படம் இல்ல அது, பல பேர்கிட்ட சேத்தத ஒண்ணா அடுக்குனது. பேப்பர்ல என்னடான்னா "இது உங்கள் மூளை"ன்னு அம்புக்குறி போட்டிருக்கான்.

கை ஏன் அவ்ளோ பெருசுன்னா, எம்எல்ஏ தொகுதி பிரிக்கிற கணக்குதான், எத்தன ஏக்கர்னு பாக்குறதில்ல எத்தன ஓட்டுன்னுதான் பாப்பாங்க. முதுகு தோலு எவ்ளோ விசாலம், ஆனா நரம்பு முனை கம்மி, மூளைல சின்ன எடம். ஒரு கையோட உள்பக்கத்துக்கு மட்டும் தொடுதல சொல்ற நரம்பு நார் சுமார் 17,000 இருக்கு, அதுவும் விரல் நுனில நெருக்கியடிச்சு நிக்குது, அதனால மூளைலயும் அதுக்கு அம்புட்டு எடம்.

இத வீட்லயே பாக்கலாம், இந்த செட்டுல உருப்படியான ஐட்டமே அதுக்குன்னு வர்ற அந்த பிளாஸ்டிக் வட்டுதான். கண்ண மூடச் சொல்லிட்டு ரெண்டு முனையையும் ஒரே நேரத்துல மெதுவா வச்சு ஒண்ணா ரெண்டான்னு கேக்கணும், நடுவுல ஒத்த முனையும் வச்சு ஏமாத்தணும், இல்லன்னா எல்லாரும் ரெண்டு ரெண்டுன்னு அடிச்சு விட்டுட்டு இருப்பாங்க. விரல் நுனில 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே ரெண்டுன்னு தெரிஞ்சிரும். முதுகுல 4 சென்டிமீட்டர் தள்ளி வச்சாத்தான் ரெண்டுன்னு தெரியும், அதுக்குக் கம்மின்னா ஒண்ணுன்னே சத்தியம் பண்ணுவாங்க. வட்டு 25 மில்லிமீட்டர் வரைக்கும்தான் போகுது, முதுகுக்கு பத்தாது, ஒரு ஜெம் கிளிப்ப நிமித்தி வளைச்சுக்கிட்டா போதும். ஜெர்மனில வெபர்னு ஒருத்தர் 1834-லயே காம்பஸ வச்சு இதையே அளந்திருக்கார். எங்க வீட்ல எல்லாரும் வரிசைல நின்னு பாத்தோம், பூ கட்டுற அத்தை விரல் நுனிதான் ஃபர்ஸ்ட்டு, சித்தப்பாவோட வலது கட்டைவிரல் காப்பு காச்சுப் போயி கடைசி. அத்தைக்கு அன்னைக்கு பூரா பெருமை தாங்கல. வயலின் வாசிக்கிறவங்களுக்கு கம்பிய அழுத்துற இடது கை விரலுங்களுக்கு மூளைல மத்தவங்களவிட பெரிய எடம்னு 1995-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அத சொல்லி இன்னும் கொஞ்சம் ஏத்தி விட்டேன்.

இப்ப மெயின் மேட்டர், அந்த "அழிந்துவிட்டது".

இந்த கண்ணாடிப் பொட்டிய யோசிச்சது யாருன்னா நம்ம வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர், பின்னாடி அமெரிக்கால சான் டியேகோவுல. இல்லாத கை வலிக்கிறது அதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் போன சிப்பாய்ங்கள பாத்த வெயர் மிட்செல்ங்கிற டாக்டர் 1871-லயே இதுக்கு பேண்டம் லிம்ப்னு பேரு வச்சுட்டார். ராமச்சந்திரன் என்ன பண்ணார்னா கை போன ஒருத்தர கண்ண மூடச் சொல்லி காது குடையுற பட்ஸால ஒடம்புல அங்கங்க தொட்டுப் பாத்தார், கன்னத்துல தொட்டா இல்லாத விரல்லயும் தெரியுதுன்னார் அந்த ஆளு. மூளைல கைக்குப் பக்கத்து வீடுதானே மூஞ்சி, கைல இருந்து தகவல் வராம காலியா கெடந்த எடத்த மூஞ்சி வந்து புடிச்சுக்கிச்சுன்னு அவரு விளக்கம். 1991-ல குரங்குங்க விஷயத்துலயும் அப்படித்தான் வந்துச்சு, கை நரம்ப வெட்டி பத்து வருஷத்துக்கு மேல ஆன குரங்குங்களுக்கு மூஞ்சிய தொட்டா கைக்கான எடம் வேலை செஞ்சுச்சு. எல்லாம் பொருந்தி வந்ததால பாடப்புத்தகம் வரைக்கும் போயிருச்சு, பேப்பர் எழுதுனவனும் அங்கயே நின்னுட்டான்.

அதுக்கப்புறம் கதை மாறிருச்சு. 2013-ல தமார் மேக்கின்னு ஒரு அம்மா குழு கை போனவங்கள ஸ்கேனுக்குள்ள படுக்க வச்சு இல்லாத கைய ஆட்டுங்கன்னு சொல்லிப் பாத்தாங்க, கைக்கான பழைய எடம் நல்லா வேலை செய்யுது, வலி அதிகமா இருக்கறவங்களுக்கு அது இன்னும் ஜோரா செய்யுது. 2025-ல அதே அம்மாவும் கூட்டாளிங்களும் சேந்து இன்னும் பெருசா ஒண்ணு கொண்டு வந்தாங்க. கைய எடுக்கப் போற மூணு பேர முன்னாடியே கண்டுபுடிச்சு ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன், பின்னாடியும் ஸ்கேன், ஒருத்தருக்கு 5 வருஷம் கழிச்சு கூட. விரல் விரலா வரைபடம் அப்படியே இருக்கு, உதடு வந்து கை எடத்த புடிக்கவும் இல்ல. முன்னாடி இருந்தவங்க எல்லாம் கை போன ஆள வேற ஒரு ஆளோடதான் ஒப்பிட்டாங்க, இவங்க அதே ஆள அதே ஆளோட ஒப்பிட்டாங்க, எனக்கு இதுதான் நம்புற மாதிரி இருக்கு. ஆக "அழிந்துவிட்டது"ன்னு சொல்றதும் பழசு, "மீண்டும் வரையுங்கள்"னு சொல்றதும் பழசு. வரைபடம் பத்திரமா இருக்கு, அதுக்கு பதில் சொல்றதுக்குத்தான் கை இல்ல.

சும்மா இருப்பேனா, பட்ஸ எடுத்துட்டு சித்தப்பாகிட்டயும் பாத்தேன். கன்னத்துல தொட்டா கன்னத்துலதான் தெரியுதுன்னார். தாடை, காது ஓரம், ம்ஹூம். ஆனா மிச்சம் இருக்குற கை நுனில, ஸ்டம்ப்னு சொல்லுவாங்கல்ல அங்க, உள்பக்கமா ஒரு எடத்துல வச்சதும் "அட, சுண்டு விரல் கண்ணு"ன்னார். அரை இன்ச்சு தள்ளி வச்சா மோதிர விரல். வெட்டுன நரம்பு நுனிங்க அங்கதான் கெடக்குது, அது அனுப்புற சேதிய மூளை பழைய விலாசத்துலயே போட்டு வாசிக்குது. சித்தி பக்கத்துல நின்னு பாத்துட்டு "ஏனுங், நெஜமாத்தானுங்களா"ன்னு நாலு வாட்டி கேட்டாங்க, அன்னைலருந்து பயத்துல வர்றதுங்கற பேச்சு நின்னுச்சு. இது நடந்தது 20 பைசா பட்ஸால, 2,000 ரூபாய் பொட்டியால இல்ல.

கண்ணாடி வேலை செஞ்சுச்சான்னு கேட்டா, செஞ்சுச்சு, ஆனா விளம்பரத்துல சொல்ற அளவுக்கு இல்ல. டெய்லி ஒரு கால் மணி நேரம், டிவி ஆஃப், ஃபோன் வெளிய. ஸ்டம்ப உள்ள விட்டுட்டு வலது கைய இறுக்கி மூடி மெதுவா திறக்கறது, திறக்கறப்ப கண்ணாடிலயே கண்ணு இருக்கணும், இல்லாத கையும் கூடவே திறக்குதுன்னு நெனைக்கணும். மொதல்ல ஒண்ணுமே இல்லன்னுட்டு சலிச்சுக்கிட்டார். அப்புறம் ஒரு நாள் சித்தி வலது கைக்கு எண்ண தேச்சு விடறப்ப கண்ணாடிய பாத்துட்டு இருந்தவரு, "அந்தக் கைலயும் லேசா தேய்க்கற மாதிரி இருக்குது, நிறுத்தாத"ன்னார். அதுல இருந்து விரல் கொஞ்சம் கொஞ்சமா திறக்க ஆரம்பிச்சுச்சு, நகம் குத்தற வலி ராத்திரில கொறைஞ்சிருக்கு, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு மாத்திரைதான். அமெரிக்கால வால்டர் ரீடு ராணுவ ஆஸ்பத்திரில கால் போனவங்ககிட்ட 4 வாரம் டெய்லி 15 நிமிஷம் பண்ணிப் பாத்தப்ப கண்ணாடி பாத்த 6 பேருக்கும் வலி கொறைஞ்சுதுன்னு 2007-ல எழுதுனாங்க. ஆறே பேருங்கிறத மறந்துறாதீங்க. கண்ணாடி எப்படி வலிய கொறைக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே ஒத்துப்போகல, இவன் 21 நாள்னு தேதி குறிச்சு விக்கிறான்.

தொட்டுப் பாக்குற அட்டைங்கள பத்தி சொல்லியே ஆகணும். ஐடியா அருமை. ஸ்டம்ப்ல கண்ண மூடிட்டு இது என்ன துணி, எந்த எடத்துல தொட்டேன்னு சொல்லச் சொல்லிப் பழக்குறது நல்ல பலன் தரும், ஜெர்மனில ஹெர்டா ஃப்ளோர் குழு 2001-ல ஸ்டம்ப்ல எலக்ட்ரோட் வச்சு எந்த எடம்னு கண்டுபுடிக்கிற பயிற்சி ரெண்டு வாரம் குடுத்தப்ப பேண்டம் வலி கொறைஞ்சுது. ஆனா சரக்கு மட்டம். வெல்வெட்டு கோந்து விட்டு கையோட வந்துருச்சு, உப்புத்தாள் அட்டை ஓவர் சொரசொரப்பு, மெலிஞ்ச தோல்ல அத தேச்சா செவந்து போகுது, தூக்கிப் போட்டோம். வீட்ல இருக்குற பழைய பட்டுத்துணி, கதர் துண்டு, சாக்கு, ஒரு குண்டாவுல ராகி, இன்னொண்ணுல அரிசி, இது போதும். பிசியோ செண்டர்லயும் இதத்தான் வச்சிருக்காங்க.

கஸ்டமர் கேர்ல ஃபோன் எடுத்தாங்க, அது ஆச்சரியம்தான். படம் தலகீழா இருக்குன்னு சொன்னேன், "சார் படத்துல டேமேஜா, பொட்டில டேமேஜா"ன்னு கேட்டாங்க. வேற ஷீட்டு கேட்டதுக்கு ரிட்டர்ன் பண்ணிட்டு புதுசா ஆர்டர் போடுங்கன்னாங்க, பிளைவுட்டு ஒட்டுனதால அதுவும் முடியாது.

திரும்ப வாங்குவேனான்னா மாட்டேன். கண்ணாடிக் கடைல ஒரு அடிக்கு ஒன்றரை அடி கட் பண்ணி கார்பெண்டர்கிட்ட ஒரு பலகைல நிக்க வச்சு வாங்கிக்கலாம், பாதி காசு கூட ஆகாது, உருவமும் நெளியாது. வெளியூர் போறப்ப எடுத்துட்டுப் போகணும், இல்ல வீட்ல சின்ன கொழந்தைங்க இருக்கு கண்ணாடி ஒடைஞ்சா ஆபத்துங்கறவங்க மட்டும் இந்த பொட்டிய வாங்குங்க, பேப்பர பிரிக்காமயே குப்பைல போடுங்க. பக்கவாதத்துக்குன்னா கை உள்ள போற ஓட்டை பத்துதான்னு மொதல்ல அளந்துக்கோங்க, கை மடங்கி வெறைச்சு இருந்தா நுழையவே நுழையாது. ரெண்டு கையும் பாதிச்சவங்களுக்கு இதால பிரயோஜனம் இல்ல. பாத்த ஒடனே வலி ஏறுது, தல சுத்துதுன்னா நிறுத்திட்டு பிசியோகிட்ட சொல்லுங்க, சில பேருக்கு அப்படி ஆகும்.

கால் போனவங்களுக்கும் இதே பொட்டின்னு போட்டிருக்கான், அத நம்பாதீங்க, முட்டி கூட தெரியாது. பீரோ கண்ணாடி சைஸ்ல நீளமா ஒண்ணு வாங்கி, கால நீட்டி ஒக்காந்து ரெண்டுக்கும் நடுவுல சாயாம நிறுத்தணும். கடைக்காரர்கிட்ட நாலு ஓரத்தையும் மழுக்கி டேப் ஒட்டியே குடுக்கச் சொல்லுங்க, சுகர்ல கால் எடுத்தவங்களுக்கு ஸ்டம்ப்ல சின்ன கீறல் விழுந்தாலும் ஆற ரொம்ப நாள் இழுக்கும்.